சமரச மையத்தில் இருந்து நோட்டீஸ் வந்திருக்கா? நேரில் போகணுமா, வக்கீல் போனா போதுமா? முழு விவரம்

"வழக்கு சமரச மையத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது. இரு தரப்பினரும் நேரில் ஆஜராக வேண்டும்." இப்படி ஒரு தாள் கைக்கு வந்ததும் பலரும் முதலில் கேட்பது, "அதான் வக்கீலுக்கு ஃபீஸ் கொடுத்திருக்கோமே, நானும் போகணுமா?" என்பதுதான். அடுத்து வருவது பயம். "போனா கையெழுத்து போட வச்சிடுவாங்களோ?"

சுருக்கமாகச் சொன்னால் விஷயம் இதுதான்: நீதிமன்றம் அனுப்பினால் போயே ஆக வேண்டும். போன இடத்தில் ஒத்துக்கொள்ளத்தான் எந்தக் கட்டாயமும் இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதால் சிலர் போகாமல் விட்டு நஷ்டப்படுகிறார்கள். சிலர் போய், என்ன ஏதென்று புரியாமலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள்.

யார் போகணும், யாரை அனுப்பலாம், போகாவிட்டால் என்ன ஆகும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நோட்டீஸ் எங்கிருந்து வந்திருக்கு?

'சமரசம்' என்ற ஒரே வார்த்தையைப் பல இடங்களில் பயன்படுத்துகிறார்கள். ஆனால் இடத்துக்கு இடம் விதி மாறும். அதனால் நோட்டீஸின் தலைப்பை முதலில் படியுங்கள்.

* சமரச மையம்: நீதிமன்றத்தில் ஏற்கெனவே நடக்கும் வழக்கை நீதிபதி இங்கே அனுப்புவார். பயிற்சி பெற்ற சமரசர் ஒருவர் இரு தரப்பிடமும் பேசுவார். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005-ல் இப்படி ஒரு மையம் தொடங்கப்பட்டது. இப்போது மாவட்டங்களிலும் இருக்கிறது.
* மக்கள் நீதிமன்றம் (லோக் அதாலத்): 1987-ம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி நடப்பது. விபத்து இழப்பீடு, செக் பவுன்ஸ், வங்கிக் கடன் வழக்குகள் இங்கே அதிகம் வரும்.
* நிரந்தர மக்கள் நீதிமன்றம்: போக்குவரத்து, மின்சாரம், குடிநீர், மருத்துவமனை, காப்பீடு போன்ற பொதுப் பயன்பாட்டுச் சேவைகள் குறித்த தகராறுக்கு. பெயர் ஒன்று போல இருந்தாலும் இதன் அதிகாரம் வேறு.
* குடும்ப நல நீதிமன்றம்: விவாகரத்து, ஜீவனாம்சம், குழந்தை யாரிடம் இருப்பது போன்ற வழக்குகளில் நீதிமன்றமே சமரசத்துக்கு முயற்சி செய்யும்.
* வணிக வழக்குக்கு முந்தைய சமரசம்: 3 லட்சம் ரூபாய்க்கும் அதற்கு மேலும் மதிப்புள்ள வணிகத் தகராறுகளில், வழக்குப் போடும் முன்பே வரும் நோட்டீஸ்.

சமரச மையம்: போவது ஏன் கட்டாயம்?

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89-வது பிரிவுதான் இதற்கு அடிப்படை. இந்தப் பிரிவு 2002 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதோடு சேர்ந்து வந்த கட்டளை 10, விதி 1-பி, வழக்கை நீதிமன்றம் இப்படி அனுப்பினால் தரப்பினர் அங்கே ஆஜராக வேண்டும் என்கிறது.

இந்தத் திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது நம்ம சேலம் வழக்கறிஞர் சங்கம். 2005-ல் வந்த தீர்ப்பில் திருத்தங்கள் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சமரசம் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு நீதிபதி ஜெகந்நாத ராவ் தலைமையிலான குழு எழுதிய மாதிரி விதிகளும் அந்த வழக்கில்தான் வெளிச்சத்துக்கு வந்தன.

"எனக்கு விருப்பம் இல்லைன்னு சொன்னா விட்டுடுவாங்களா?" என்றால், மாட்டார்கள். 2010-ல் ஆஃப்கான்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது. நடுவர் தீர்ப்புக்கு (ஆர்பிட்ரேஷன்) அனுப்ப வேண்டுமானால் எல்லாத் தரப்பும் சம்மதிக்க வேண்டும். சமரச மையத்துக்கு அனுப்ப அந்தச் சம்மதம் தேவையில்லை, நீதிபதி பொருத்தம் என்று நினைத்தாலே போதும்.

வக்கீல் மட்டும் போனால் போதாதா?

இங்கேதான் குழப்பமே. மாதிரி விதிகளைப் பார்த்தால், தரப்பினர் நேரில் வரலாம், அல்லது அவர்களது வக்கீலோ பவர் ஏஜென்ட்டோ வரலாம் என்றுதான் இருக்கிறது. அப்படியானால் வக்கீலை அனுப்பிவிட்டு வீட்டிலேயே இருந்துவிடலாமா?

இரண்டு காரணங்களால் அது சரிப்படாது.

ஒன்று, நீதிமன்ற உத்தரவு. "நேரில் ஆஜராக வேண்டும்" என்று தனியாக உத்தரவு போட நீதிபதிக்கு அதிகாரம் இருக்கிறது. உங்கள் உத்தரவில் அந்த வரி இருந்தால் வக்கீல் மட்டும் போவது ஆஜரானதாகவே ஆகாது. அதனால் உத்தரவின் நகலை வாங்கி, அந்த வரி இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

இரண்டு, 'சரி' என்று சொல்லும் அதிகாரம். உதாரணத்துக்கு, பூர்வீக வீட்டுப் பாகப்பிரிவினை வழக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அண்ணன் நேரில் வந்திருக்கிறார். தங்கை சார்பில் வக்கீல் மட்டும் வந்திருக்கிறார். "வீட்டை நானே வச்சுக்கிறேன், தங்கச்சி பங்குக்கு 18 லட்சம் தர்றேன்" என்கிறார் அண்ணன். வக்கீலால் அதற்கு அங்கேயே பதில் சொல்ல முடியாது. போன் போட்டால் தங்கை எடுக்கவில்லை. அன்றைய அமர்வு அத்தோடு முடிந்தது. அடுத்த தேதிக்குள் அண்ணன் மனசு மாறிவிட்டால் யாருக்கு நஷ்டம்?

வக்கீல் அவராகவே ஒத்துக்கொண்டு வருவதும் ஆபத்துதான். கட்சிக்காரரின் தெளிவான அனுமதி இல்லாமல், அவரது உரிமையை விட்டுக்கொடுக்கும் வகையில் வக்கீல் சம்மதம் தெரிவிக்கக் கூடாது என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் விவரம் தெரிந்த வக்கீல்கள் "நீங்களும் வாங்க" என்றுதான் கட்சிக்காரரிடம் சொல்வார்கள்.

யார் யார் வரணும்?

* பாகப்பிரிவினை: பங்கு உள்ள எல்லா வாரிசுகளும். ஒருவர் விடுபட்டாலும், மற்றவர்கள் போடும் ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது. அத்தனை பேரும் பேசி முடித்த பிறகு, வராத ஒருவர் வந்து "எனக்குத் தெரியாது" என்றால் மொத்தமும் சிக்கல்.
* மைனர் பிள்ளைகள்: கார்டியன் வர வேண்டும். ஆனால் மைனர் சார்பில் சமரசம் செய்ய நீதிமன்றத்தின் அனுமதியும் வேண்டும். "அம்மா கையெழுத்து போட்டாச்சு, முடிஞ்சது" என்று இருந்துவிட முடியாது.
* கம்பெனி: தொகையை முடிவு செய்யும் அதிகாரத்தோடு ஒருவர் வர வேண்டும். கையில் அதிகாரக் கடிதமோ போர்டு தீர்மானமோ இருப்பது நல்லது.
* இன்சூரன்ஸ், வங்கி: "மேலிடத்துல கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லும் ஊழியர் வந்தால் அலைச்சல்தான் மிச்சம். எதிர்த்தரப்பில் இப்படி நடந்தால், முடிவெடுக்கும் அதிகாரி அடுத்த அமர்வுக்கு வர வேண்டும் என்று சமரசரிடம் நீங்கள் கேட்கலாம்.

வெளிநாட்டில் இருந்தால்? உடம்பு முடியலைன்னா?

இந்தியாவில் வசிக்காதவர்கள் வக்கீல் மூலமோ பவர் ஏஜென்ட் மூலமோ கலந்துகொள்ளலாம் என்று மாதிரி விதிகளே இடம் கொடுக்கின்றன. துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று பவர் எழுதி அனுப்பலாம். அந்தப் பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது.

பவரில் "வழக்கை நடத்த" என்று மட்டும் எழுதினால் போதாது. "சமரசம் பேசவும், ஒப்பந்தத்தில் கையெழுத்திடவும்" என்று வெளிப்படையாக இருக்க வேண்டும். எவ்வளவு தொகை வரை ஒத்துக்கொள்ளலாம் என்பதைப் பவர் ஏஜென்ட்டிடம் எழுத்தில் தனியாகச் சொல்லிவிடுவதும் பாதுகாப்பு.

உடல்நிலை சரியில்லாதவர்கள், வயதானவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தை உள்ளவர்கள் சும்மா இருந்துவிடாமல், அமர்வுத் தேதிக்கு முன்பே வக்கீல் மூலம் தகவல் கொடுக்க வேண்டும். மருத்துவச் சான்றை இணைத்து, வேறு தேதியோ வீடியோ கான்பரன்ஸ் வசதியோ கேட்கலாம். முன்கூட்டியே சொன்னால் அது 'காரணம்'. தேதி போன பிறகு சொன்னால் அது 'சாக்கு' என்றுதான் எடுத்துக்கொள்ளப்படும்.

குடும்ப நல நீதிமன்றத்தில் என்ன கணக்கு?

இங்கே நேரில் வருவதற்கு முக்கியத்துவம் அதிகம். 1984-ம் ஆண்டின் குடும்ப நல நீதிமன்றச் சட்டம், சேர்த்து வைக்கவோ சமரசம் செய்யவோ முதலில் முயல வேண்டும் என்பதை நீதிமன்றத்தின் கடமையாகவே வைத்திருக்கிறது. வக்கீல் வைத்துக்கொள்வதுகூட இங்கே தானாகக் கிடைக்கும் உரிமை கிடையாது, நீதிமன்ற அனுமதியோடுதான். கணவன் மனைவி இருவரும் மனம் விட்டுப் பேச வேண்டிய இடம் என்பதால் இந்த ஏற்பாடு.

வீடியோ கான்பரன்ஸில் வரலாமா? 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் 3 நீதிபதிகள் அமர்வு, 2-க்கு 1 என்ற பெரும்பான்மையில் ஒரு தீர்ப்பு சொன்னது. சமரச முயற்சி நடக்கும் கட்டத்தில் வீடியோ கான்பரன்ஸ் கூடாது, அது தோற்ற பிறகு இரு தரப்பும் சம்மதித்தால் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். கொரோனா காலத்துக்குப் பிறகு நீதிமன்றங்களில் வீடியோ வசதி பரவலாகிவிட்டது. ஆனாலும் நீதிபதியிடம் மனு போட்டு அனுமதி வாங்கித்தான் வர முடியும்.

பரஸ்பர விவாகரத்தில் கொஞ்சம் தளர்வு உண்டு. அதே 2017-ல் வந்த அமர்தீப் சிங் வழக்கில், நியாயமான காரணத்தால் நேரில் வர முடியாதவருக்குப் பதில் பெற்றோரோ உடன்பிறந்தவர்களோ வரவும், வீடியோ கான்பரன்ஸைப் பயன்படுத்தவும் நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது.

அடி, மிரட்டல் என்று பயந்து பிரிந்து வந்தவர்கள், "அவரோட ஒரே ரூம்ல உட்கார முடியாது" என்று சமரசரிடம் முதலிலேயே சொல்லிவிடலாம். இரு தரப்பையும் தனித்தனியாக அழைத்துப் பேசுவது சமரசத்தில் வழக்கமான நடைமுறைதான். இதைக் கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

போகலைன்னா என்ன ஆகும்?

சமரச மையம்: எதிர்த்தரப்போ சமரசரோ நீதிமன்றத்தில் முறையிடலாம். தகுந்த காரணம் இல்லாமல் வரவில்லை என்று நீதிபதிக்குத் தெரிந்தால் செலவுத்தொகை கட்டச் சொல்லலாம். நேரில் வரும்படி நீதிமன்றமே போட்ட உத்தரவை மீறினால் விளைவு இன்னும் பெரிது. வாதியாக இருந்தால் வழக்கு தள்ளுபடி ஆகலாம். பிரதிவாதியாக இருந்தால் 'எக்ஸ் பார்ட்டி' ஆக வாய்ப்பு உண்டு.

மக்கள் நீதிமன்றம்: இரு தரப்பும் ஒத்துக்கொண்டால்தான் இங்கே தீர்வு. ஒருவர் வராவிட்டால் வழக்கு எந்தக் கட்டத்தில் இருந்து வந்ததோ அங்கேயே திரும்பிப் போகும். வராதவருக்கு எதிராக, வழக்கின் நியாயத்தை ஆராய்ந்து தீர்ப்பு சொல்ல மக்கள் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை. உச்ச நீதிமன்றம் 2008-லும் 2021-லும் இதை உறுதி செய்திருக்கிறது.

நிரந்தர மக்கள் நீதிமன்றம்: இங்கே கவனம் தேவை. சமரசம் அமையாவிட்டால், 1 கோடி ரூபாய் வரையிலான தகராறில் இதுவே தீர்ப்பும் சொல்லலாம். எதிர்த்தரப்பு வராவிட்டாலும், சமரசத்துக்கான படிநிலைகளை முறையாக முடித்த பிறகுதான் தீர்ப்புக்குப் போக வேண்டும் என்று 2022-ல் கனரா வங்கி தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதாவது, நீங்கள் வராமல் இருந்தாலும் உங்களுக்கு எதிராகத் தீர்ப்பு வர முடியும். "லோக் அதாலத்தானே, விடு" என்று இருக்கக் கூடாது.

வணிக வழக்கு: அவசர நிவாரணம் கேட்காத வழக்குகளில், வழக்குப் போடும் முன் இந்தச் சமரச முயற்சி கட்டாயம் என்று 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதைச் செய்யாமல் வழக்குப் போட்டால் மனு ஆரம்பத்திலேயே நிராகரிக்கப்படும். எதிர்த்தரப்பு நோட்டீஸுக்குப் பதிலே சொல்லாவிட்டால், 'சமரசம் தொடங்கவே இல்லை' என்று அறிக்கை கொடுத்துவிடுவார்கள். அதை வைத்து மனுதாரர் வழக்குப் போடலாம். இந்தச் சமரசத்துக்கு வக்கீலோ அதிகாரம் பெற்ற பிரதிநிதியோ வரலாம்.

இதோடு 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமரசச் சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் 2 அமர்வுகளுக்குப் பிறகு யார் வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்கிறது இந்தச் சட்டம். ஆனால் அந்த 2 அமர்வுக்கும் நியாயமான காரணம் இல்லாமல் வராமல் இருந்து, அதனால் சமரசம் தோற்றால், பின்னர் வரும் வழக்கில் அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு செலவுத்தொகை விதிக்கலாம். 2023 அக்டோபர் 9-ம் தேதி இந்தச் சட்டத்தின் சில பிரிவுகள் மட்டுமே முதலில் நடைமுறைக்கு வந்தன. அதனால் உங்கள் வழக்குக்கு எந்த விதி பொருந்தும் என்பதை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளே பேசியதை நீதிபதியிடம் சொல்லிடுவாங்களா?

மாட்டார்கள். அங்கே பேசுவது ரகசியம். "20 லட்சம் கேட்டேன், 12-க்கு இறங்கினேன்" என்பதெல்லாம் கோர்ட்டில் உங்களுக்கு எதிராக வராது. சமரசம் ஆனால் ஒப்பந்தத்தை மட்டும் அனுப்ப வேண்டும், ஆகாவிட்டால் 'ஆகவில்லை' என்று மட்டும் எழுத வேண்டும், உள்ளே நடந்த பேச்சை எழுதக் கூடாது என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

ஒரு விஷயம் மட்டும் ரகசியம் கிடையாது. நீங்கள் வந்தீர்களா, வரவில்லையா என்பது நீதிமன்றத்துக்குத் தெரிந்துவிடும்.

கையெழுத்துப் போடும் முன் இதைப் பாருங்க

மக்கள் நீதிமன்றத்தில் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால், அது சிவில் கோர்ட் தீர்ப்பாணைக்குச் சமம். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. "ஏமாத்திட்டாங்க" என்று சொல்வதானால்கூட, ரிட் மனுவோடு உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது செலவும் அலைச்சலும் பிடித்த வழி.

அதனால்,

* தொகை எவ்வளவு, எந்தத் தேதிக்குள், எந்த வங்கிக் கணக்கில் என்பது எழுத்தில் இருக்கிறதா?
* தவணை தவறினால் என்ன என்று எழுதியிருக்கிறதா?
* இதே விஷயத்தில் வேறு கோர்ட்டில் உள்ள வழக்குகளை யார், எப்போது வாபஸ் வாங்குவது?
* தமிழில் படித்துக் காட்டச் சொன்னீர்களா?

இதில் ஒன்று தெளிவில்லை என்றாலும் "அடுத்த அமர்வில் சொல்கிறேன்" என்று எழுந்து வரலாம். யாரும் தடுக்க முடியாது.

சமரசம் ஆனால் ஒரு லாபமும் உண்டு. கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். தமிழ்நாட்டில் பண வழக்குகளுக்கு 3 சதவீதம் கட்டணம் என்று வைத்தால், 20 லட்சம் ரூபாய் வழக்குக்கு அது 60,000 ரூபாய். நீதிமன்றம் அனுப்பாமல் தரப்பினரே வெளியில் பேசி முடித்துக்கொண்டாலும் இந்தப் பணம் திரும்பக் கிடைக்கும் என்று, சென்னை உயர் நீதிமன்ற நிர்வாகம் தொடர்ந்த மேல்முறையீட்டில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வங்கிக் கடனுக்கு லோக் அதாலத் நோட்டீஸ் வந்திருக்கு. போகலைன்னா போலீஸ் வருமா?
வராது. வழக்கே போடாத நிலையில் வரும் நோட்டீஸ் என்றால், அது பேசித் தீர்ப்பதற்கான அழைப்பு. போகாவிட்டால் வங்கி தன் சட்ட நடவடிக்கையைத் தொடரலாம். வட்டியைக் குறைத்துக் கேட்க நல்ல வாய்ப்பு என்பதால் போவதே லாபம்.

சமரச மையத்துக்குப் போனா, கோர்ட் வாய்தாவுக்குப் போக வேண்டாமா?
இரண்டும் வேறு வேறு. வாய்தா தேதியை வக்கீலிடமோ குமாஸ்தாவிடமோ கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். செக் பவுன்ஸ் போன்ற குற்றவியல் வழக்கில் வாய்தாவுக்குப் போகாமல் விட்டால் வாரண்ட் வரக்கூடும்.

எத்தனை நாள் இழுக்கும்?
மாதிரி விதிகளின்படி 60 நாள், தேவைப்பட்டால் இன்னும் 30 நாள். 2023 சட்டத்தில் 120 நாள், இரு தரப்பும் சம்மதித்தால் கூடுதலாக 60 நாள்.

எவ்வளவு செலவாகும்?
மக்கள் நீதிமன்றத்துக்குக் கட்டணம் இல்லை. நீதிமன்றம் அனுப்பும் வழக்குகளுக்குத் தமிழ்நாட்டில் சமரச மையத்திலும் கட்டணம் வாங்குவதில்லை. வணிக வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு மட்டும் கட்டணம் உண்டு. அதை இரு தரப்பும் சமமாகப் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

வக்கீல் வைக்க வசதி இல்லை. யாரைக் கேட்பது?
15100 என்ற இலவச சட்ட உதவி எண்ணை அழைக்கலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரிலும் போகலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் கேட்க உரிமை உள்ளவர்கள்.

நோட்டீஸ் வந்தால் முதலில் தேதியைக் காலண்டரில் குறியுங்கள். அடையாள அட்டை, நோட்டீஸ், உத்தரவு நகல், வழக்கு சம்பந்தப்பட்ட முக்கிய ஆவணங்களின் நகல்களை ஒரு கவரில் எடுத்து வையுங்கள். எவ்வளவு வரை விட்டுக்கொடுக்கலாம் என்பதை வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டு, நீங்களே கிளம்புங்கள். பிடித்திருந்தால் கையெழுத்து, இல்லையென்றால் வழக்கு அதன் வழியில் தொடரும்.

(இது பொதுவான தகவலுக்கான கட்டுரை. உங்கள் வழக்கு குறித்த முடிவுகளை வழக்கறிஞரிடம் கலந்து பேசி எடுக்கவும்.)